தொண்ணூற்றாறு என்று சொன்னேன்

என் கணவரின் இதயத்துடிப்பை அவரிடமே நான் பொய்யாகச் சொல்லி வந்தேன். கண் சரியாகத் தெரியாமல் அல்ல, மறதியால் அல்ல. என் கையிலிருந்த செல்போனில் எண் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்ததை விழுங்கிவிட்டு, அதைவிடக் குறைவாக ஒன்றைச் சொன்னேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை... ஆடியில் ஆரம்பித்து ஐப்பசி வரைக்கும்.

உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் எனக்கு யாருமில்லை என்பதுதான். தெரிந்தவர்களிடம் சொன்னால், பாவம், உன் மனசில் என்ன கஷ்டமோ என்று முதுகைத் தடவிக் கொடுப்பார்கள். அந்தத் தடவல் எனக்கு வேண்டாம். நீங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே படிக்கலாம். பாதியில் எழுந்தும் போகலாம்.

என் பெயர் வைதேகி. அபிராமபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அவர் பெயர் ரங்கராஜன். ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் சௌம்யா, கல்யாணமாகிக் கொட்டிவாக்கத்தில் இருக்கிறாள். அப்புறம், கூடத்தில் ஒரு டிரெட்மில். அதையும் ஆள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை.

அந்த டிரெட்மில் எனக்காக வாங்கப்பட்டது.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு எனக்கு உடம்பு போட்டுவிட்டது. போடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் என் கணவருக்கு அது ஏதோ நான் வேண்டுமென்றே செய்த காரியம் போலப் பட்டது. ஒருநாள் இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள். அவர் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "இனிமே சாக்கு சொல்ல முடியாது பாரு" என்றார்.

தினமும் காலையில் நான் நடப்பேன். அவர் பக்கத்தில் நின்று வேகப் பொத்தானை அமுக்குவார். என் விரலை எதற்கு நம்ப வேண்டும்? இருநூற்றிருபதிலிருந்து என் வயதைக் கழித்து, அதில் இத்தனை பங்கு துடிப்பு வந்தால்தான் கொழுப்பு கரையும் என்று கணக்கு வைத்திருந்தார். மூச்சு முட்டுகிறது என்பேன். "உடம்பு பொய் சொல்லும் வைதேகி. மீட்டர் பொய் சொல்லாது" என்பார். வாசல் கதவு திறந்தே இருக்கும். எதிர் வீட்டு மாமி பால் பாக்கெட் எடுக்கிற நேரமாகப் பார்த்து என் எடையை உரக்கச் சொல்லுவார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அவர் கெட்டவர் அல்லர். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. மற்றவர்களைச் சிரிக்க வைக்க அவருக்குப் பிடிக்கும். அதற்குக் கைக்கு அருகில் எப்போதும் இருந்தவள் நான்.

ஒரு நவராத்திரி. கொலுவுக்கு வந்த மாமிகள் கையில் சுண்டலோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ மெஷினைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். "இவ எப்படி ஓடறான்னு பாக்கறேளா?" என்றார் அவர். நான் பட்டுப் புடவையில் இருந்தேன். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். "சும்மா ஏறுடி. ஆத்து மனுஷாதானே" என்றார்.

ஏறினேன். ஏன் ஏறினேன்? இன்றைக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்... ஏறாமல் இருந்தால் அது இன்னும் பெரிய வேடிக்கையாகியிருக்கும், அதனால் ஏறினேன். மெஷினைக் கிளப்பும்போது காலை இரண்டு ஓரங்களிலும் வைத்துக்கொள்ள வேண்டும், பெல்ட் ஓட ஆரம்பித்த பிறகுதான் அதில் இறங்க வேண்டும். எனக்கு அந்த அவகாசம் கொடுக்கவில்லை. பெல்ட்டின் மேலேயே நின்றிருந்தேன், பொத்தானை அமுக்கிவிட்டார். நான் தடுமாறி, கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஓடினேன். "கொலுவுலேர்ந்து ஒரு பொம்மை எழுந்து ஓடறது பாருங்கோ" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். சௌம்யாவும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன்! அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்து வந்தார். நான் அழுதேன். அந்த அழுகை நிஜம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எல்லாக் கோவிலுக்கும் வேண்டிக்கொண்டேன். இதையும் சேர்த்துத்தான் நீங்கள் என்னை எடைபோட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நடைப் பயிற்சி சொன்னார்கள். கவிதா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தாள். சின்னப் பெண், ஆனால் கறாரானவள். முதல் நாளே தெளிவாகச் சொன்னாள். "அங்கிள், எடுத்த உடனே வேகமா நடக்கக் கூடாது. முதல்ல அஞ்சு நிமிஷமாவது மெதுவா, முடிக்கும்போதும் அதே மாதிரி மெதுவா. டக்குனு நிறுத்திட்டு இறங்கினீங்கன்னா தலை சுத்தும். கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்காதீங்க. பேசிக்கிட்டே நடக்கிற அளவுதான் வேகம். பேச்சு திணறுச்சுன்னா ஸ்பீடைக் குறைங்க."

அவர் தன் பழைய கணக்கை எடுத்துவிட்டார். இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழித்து... கவிதா தலையை ஆட்டினாள். "அது உங்களுக்கு ஒத்து வராது அங்கிள். நீங்க சாப்பிடற ஒரு மாத்திரை துடிப்பை ஏற விடாம பிடிச்சு வைக்குது. அதனால உங்களுக்கு டெஸ்ட் பண்ணிப் பார்த்து டாக்டர் ஒரு அளவு குடுத்திருக்கார். நூத்தஞ்சு. அதைத் தாண்டக் கூடாது, தாண்டினா குறைக்கணும். நெஞ்சு வலி, தலைசுத்தல் எது வந்தாலும் நிறுத்திடணும்."

பிறகு என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்கதான் பார்த்துக்கணும்."

நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை கட்டிக்கொள்வார். அதை லேசாக நனைத்துக் கட்டினால் துடிப்பு செல்போனில் எண்ணாக வரும். அவருக்குக் கண்ணில் புரை. கண்ணாடி போட்டால் வியர்வையில் வழுக்குகிறது, போடாவிட்டால் எண் தெரிவதில்லை. அதனால் செல்போன் என் கைக்கு வந்தது. நான் பக்கத்தில் நின்று படிப்பேன். அவர் கேட்பார், நான் சொல்லுவேன்.

மெஷின் எங்கே எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நடந்தது உங்களுக்கு விளங்கும். கூடத்தின் கிழக்குச் சுவரில் எங்கள் சுவாமி அலமாரி. நடக்கும்போது சுவாமியைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால் மெஷினின் வால்பக்கம் மேற்கே, இரும்பு பீரோவை ஒட்டினாற்போல் வந்துவிட்டது. பின்னால் ஒரு ஆள் விழுந்து எழுந்திருக்க இடம் விட வேண்டும் என்று கவிதா சொன்னாள். "பீரோவை எங்கேம்மா கொண்டு போறது?" என்று கேட்டுவிட்டார். ஷூ போட்டுக்கொள்ளச் சொன்னாள். சுவாமிக்கு முன்னால் செருப்பு ஷூ எதுவும் கூடாதாம், புதிதாக இருந்தாலும் கூடாதாம். வெறுங்காலோடுதான் நடப்பார்.

அந்தச் சிவப்புக் கயிறு இருக்கிறதே, அதுதான் முக்கியம். அதன் ஒரு முனையில் இருக்கும் சாவி மெஷினில் செருகியிருக்கும், இன்னொரு முனையில் ஒரு கிளிப். அதைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். விழுந்தால் கயிறு இழுபட்டுச் சாவி கழன்று வரும், பெல்ட் நின்றுவிடும். இவரோ குளித்துவிட்டு, நாலு முழ வேட்டியோடு, வெற்று மார்பில் பட்டையும் பூணூலுமாக நடக்கிறவர். "இதை எங்கே மாட்டிக்கறது, பூணூல்லயா?" என்று கவிதாவிடமே கேட்டுச் சிரித்தார். அவள் வேட்டியில் மாட்டிவிட்டாள். அவள் போன மறுநாள், வேட்டி நழுவுகிறது என்று கழற்றிவிட்டார். கயிறு தொங்கிக்கொண்டு அவர் கையில் இடித்தது.

அதை எடுத்துக் கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டது நான். அப்போது என் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன்... அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முதல் பொய் ஒரு வெள்ளிக்கிழமை.

ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தார். வாயில் சுலோகம். மூச்சு திணறுகிறதா என்று பார்க்க அதுதான் அவருடைய வழி. ஒரு வரியை உடைக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி என்று அர்த்தம். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குன்னு வாங்கினேன். கடைசில நான்தான் உபயோகப்படுத்தறேன். உனக்கு எதைக் குடுத்தாலும் வீண்தான் வைதேகி" என்றார். கோபமே இல்லாமல், ஏதோ வெயிலைப் பற்றிப் பேசுவது போல. பிறகு, "எத்தனை வரது?" என்று கேட்டார்.

எண் நூற்றுப் பத்து. குறைக்க வேண்டிய நேரம்.

"தொண்ணூத்தாறு" என்றேன்.

"அப்படியா, இன்னும் எடம் இருக்கே" என்று வேகத்தைக் கூட்டினார்.

அந்த நிமிஷம் எனக்குள் ஒன்று வந்தது. பயம் என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். ஆனால் அது பயமில்லை. சந்தோஷம்! எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் அனுபவித்த சுத்தமான சந்தோஷம். இத்தனை கால தாம்பத்தியத்தில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு, நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். சொல்லவும் சொன்னேன். நூற்றேழு என்றேன், அது நிஜமாகவே நூற்றேழு. உடனே குறைத்தார். அவர் சுகமாக, சுலோகத்தை ராகமாக இழுத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். பிடிக்கவில்லை. அடுத்த முறை அவர் கேட்டபோது மறுபடியும் பொய்.

அதற்குப் பிறகு அது என் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. டிகாஷன் இறக்குவேன், கோலம் போடுவேன், பொய் சொல்லுவேன். நூற்றுப் பதினைந்தைத் தொண்ணூற்றேழு ஆக்குவேன். எப்போதும் ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகம் வரும் என்று நடுவில் ஒரு நூற்று நான்கு சொல்லுவேன். அவர் கவனமாகிக் குறைப்பார். "நான் பாத்துக்கறேன், நீங்கோ நடங்கோ" என்பேன். எவ்வளவு அக்கறை பாருங்கள்!

அவருக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிந்தது. சுலோகம் பாதி வரியில் அறுந்தது. முகம் சிவந்தது. "என்னமோ இன்னிக்கு மூச்சு பிடிக்க மாட்டேங்கறதே" என்றார் ஒருநாள். "ராத்திரி உருளைக்கிழங்கு சாப்ட்டேளே, வாயுவா இருக்கும்" என்றேன். அவர் உடம்பு உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவர்தான் மீட்டரை நம்பினார். இன்ஜினியர் அல்லவா? மீட்டர் என் வாயில் இருந்தது.

அவரைக் கொல்ல நினைத்தேனா? இல்லை. சத்தியமாக இல்லை. அவருக்கு மூச்சு முட்ட வேண்டும், அவ்வளவுதான். முட்டும்போது நான் பக்கத்தில் நின்று, இன்னும் எடம் இருக்கு என்று சொல்ல வேண்டும். கொலை செய்ய நினைத்திருந்தால் அதில் ஒரு துணிச்சலாவது இருந்திருக்கும்... எனக்கு அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நோகடித்தால் போதுமாக இருந்தது.

புரட்டாசியில் டாக்டரிடம் போனோம். நடக்கும்போது துடிப்பு எவ்வளவு போகிறது என்று கேட்டார். என் கணவர் பெருமையாக என் பக்கம் கையைக் காட்டினார். நான் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு என்றேன். நிஜமாகவே எவ்வளவு வேகத்தில் நடக்கிறார் என்று கேட்டுவிட்டு டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "இந்த ஸ்பீடுக்கு இவ்ளோதானா? ரொம்ப நல்லா தேறிட்டீங்க சார். கொஞ்சம் மேடு வெச்சு நடக்கலாம்" என்றார். வெளியே வந்ததும் அவர் ஆட்டோவுக்குக் கூடக் காத்திருக்கவில்லை. தெருமுனை வரைக்கும் நடந்தே வந்தார். "எல்லாம் உன்னாலதான் வைதேகி" என்றார்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆட்டோவில் வரும்போது வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் சௌம்யாவைப் போனில் கூப்பிட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். "உங்கம்மா சும்மா நின்னுண்டு நம்பர் படிக்கறா, நான்தான் வேர்க்க வேர்க்க நடக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு காலை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, கூடம் புழுங்கியது. அவர் காபி மட்டும் குடித்துவிட்டு மெஷினில் ஏறினார். மெஷினின் முன்பக்கத்தை உயர்த்தி மேடும் வைத்திருந்தார். முதலில் மெதுவாக நடக்கும் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார், தேறியவருக்கு அதெல்லாம் எதற்கு?

எண் நூற்று முப்பதைத் தாண்டியது. அதற்கு முன்னால் அவ்வளவு போனதில்லை.

"எத்தனை?"

"தொண்ணூத்தெட்டு."

"கூட்டட்டுமா?"

"கூட்டுங்கோ."

சுலோகம் நின்றது. அவர் உதடு மட்டும் அசைந்தது. கை கைப்பிடியைத் தேடியது, கிடைக்கவில்லை. முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்தவரைப் பெல்ட் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பீரோவில் மோதவிட்டது. அங்கே மாட்டிக்கொண்டார். பீரோவுக்கும் மெஷினுக்கும் நடுவில் கால்கள், ஓடுகிற பெல்ட்டின் மேல் வெற்றுத் தோளும் கன்னமும். சாவிக் கயிற்றைத்தான் நான் கைப்பிடியில் முடிந்து வைத்திருந்தேனே. அது இழுபடவில்லை, பெல்ட் நிற்கவில்லை. தோல் உரிகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்க வேண்டாம்.

நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நின்றேன்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது. பொய் சொன்னதையாவது எப்படியோ பூசி மெழுகிவிடலாம். இதை முடியாது. நான் நின்றுகொண்டிருந்தேன். அதிர்ச்சியில் உறைந்துபோனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உறையவில்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அதைப் பிடுங்கினால் நிற்கும் என்று தெரிந்தது. அவர் கண் என்னைப் பார்த்தது. நான் மனசுக்குள் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். ஓடட்டும்.

எவ்வளவு நேரம்? தெரியாது. ரொம்ப நேரமில்லை. ஆனால் ஒரு நொடியும் இல்லை... அதற்குப் பிறகுதான் பிடுங்கினேன்.

அவருக்கு அது நினைவில்லை. நினைவு தப்பும் முன் என் கை சாவியை இழுத்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். "இவ மட்டும் பக்கத்துல இல்லேன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கட்டுப் போட்ட கன்னத்தோடு, சரியாகத் திறக்க முடியாத வாயால் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கீழ விழறதுக்கு முன்னாடி துடிப்பு எவ்வளவும்மா இருந்துச்சு? இது முக்கியம்" என்றார். சௌம்யா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தொண்ணூத்தெட்டு" என்றேன்.

டாக்டரின் முகம் மாறியது. அவ்வளவு குறைந்த துடிப்பிலேயே ஒருவர் மயங்கி விழுந்தால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்க வேண்டும் என்றார். மறுபடியும் ஆஞ்சியோ. வேறு என்னென்னவோ சோதனைகள். தொடை வழியாகவும் கை வழியாகவும் ஊசியும் குழாயும் விட்டு, இல்லாத ஒன்றைத் தேடினார்கள். கன்னம் எரிகிற மனிதரை மல்லாக்கப் படுக்க வைத்துத் தேடினார்கள். நான் வெளியே உட்கார்ந்து, செல்போனில் பதிவாகியிருந்த எண்களையெல்லாம் அழித்தேன். வராந்தாவில் அந்த முறை நான் எந்தக் கோவிலுக்கும் வேண்டிக்கொள்ளவில்லை.

எதுவும் கிடைக்கவில்லை. புரியவில்லை, ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் தெரியாத வியாதியைவிடப் பெரிய வியாதி எது? அவர் அன்றிலிருந்து சுருங்கிப் போனார்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தீர்களா?

பீரோவை உள்ளறைக்குத் தள்ளிவிட்டோம். இப்போது பனியன் போட்டுக்கொண்டு, அதில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, ஷூ கூடப் போட்டுக்கொண்டு நடக்கிறார். சுவாமி ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக ஆரம்பித்து, மெதுவாக நடந்து, மெதுவாக முடிக்கிறார். கவிதா முதல் நாளே செய்யச் சொன்னது இதைத்தான். துடிப்பை நான்தான் படிக்கிறேன். இப்போது உண்மையை மட்டும்தான் சொல்கிறேன். ஒன்று கூட்டுவதில்லை, ஒன்று குறைப்பதில்லை.

அதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த உண்மைகளை அவர் என் பழைய பொய்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அன்றைக்கு அவ்வளவு வேகத்துக்குத் தொண்ணூற்றாறு, இன்றைக்கு இந்த ஆமை நடைக்கே நூறு. அப்படியென்றால் இதயம் எவ்வளவு கெட்டுப்போயிருக்க வேண்டும்! கவிதாவுக்கும் அதே குழப்பம். "ஆன்ட்டி, அப்ப ரீடிங்கெல்லாம் அவ்ளோ நல்லா இருந்துச்சே. ஏன் இப்படி மோசமாச்சுன்னு எனக்குப் புரியவே இல்லை" என்று சமையலறை வரைக்கும் வந்து சொன்னாள். காபி கலந்து கொடுத்தேன்.

மோசமாகவில்லை. அது எப்போதுமே அவ்வளவுதான். அவர் இதயம் ஸ்டென்ட் வைத்த நாளில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. இதை அவரிடம் சொன்னால் போதும். ஒரே ஒரு வாக்கியம்... நான் சொன்னதெல்லாம் பொய், உங்களுக்கு எதுவும் மோசமாகவில்லை. அவர் என்னை வெறுப்பார். ஆனால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்.

அவர் இப்போது தூங்குவதில்லை. சௌம்யா உண்டாகியிருக்கிறாள், தை மாதம் பிரசவம். "பேரனோ பேத்தியோ, நான் பாக்கணும்னு எழுதியிருக்கோ இல்லையோ" என்கிறார். கண் புரைக்கு ஆபரேஷன் நாள் குறித்திருந்ததை வேண்டாமென்று சொல்லிவிட்டார். "இருக்கப் போறது கொஞ்ச நாள். அதுக்கு எதுக்குப் புதுக் கண்ணு?" என்று கேட்டார். சௌம்யா அழுதாள். "நீயாவது சொல்லும்மா" என்றாள். அவர் இஷ்டம் என்றேன்.

ஏன் சொல்லவில்லை? வெட்கமா? மகள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயமா? அப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஓரளவு சரி. எதுவும் முழுசாகச் சரியில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் எண்ணைச் சொல்லிவிட்டு நான் எதைப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலையிலும் நடந்தார். சுலோகம் சொல்வதில்லை, மூச்சை மிச்சம் பிடிக்கிறாராம். என்னிடம் கேட்கவே தயங்கி, கடைசியில் கேட்டார்.

"எத்தனை வைதேகி?"

"நூத்திரண்டு."

உண்மை. கெடுதல் இல்லாத, டாக்டர் சொன்ன அளவுக்குள் இருக்கும் எண்.

"போன வருஷம் இதைவிட வேகத்துக்கெல்லாம் தொண்ணூத்தாறுதானே வரும்?"

"ஆமாம்" என்றேன்.

அவர் கன்னத்துத் தழும்பு துடித்தது. தானாகவே விரலை நீட்டி வேகத்தை இன்னும் குறைத்துக்கொண்டார். அந்த முகத்தில் என்ன வந்து என்ன போயிற்றோ அவ்வளவையும், செல்போனை இறக்கிக்கொண்டு, ஒன்று விடாமல் பார்த்தேன்.

நாளைக் காலையிலும் கேட்பார். நான் உண்மையைத்தான் சொல்லுவேன்.